காசும் இல்லை, பேரும் இல்லை: பார்வையற்றோருக்காகப் புத்தகம் திருத்துகிறவர்கள் ஏன் திருத்துகிறார்கள்?

நண்பர் ஒருவர் கேட்டது இது: "பார்வையற்றவர்கள் படிப்பதற்காக முழுப் புத்தகங்களைச் சிலர் தட்டச்சு செய்கிறார்கள், வாசித்துப் பதிவு செய்கிறார்கள், மாதக்கணக்கில் பிழை திருத்துகிறார்கள். பணம் கிடையாது, புத்தகத்தில் பேர்கூட வராது. எதற்காகச் செய்கிறார்கள்? போனே புத்தகத்தைப் படித்துக் காட்டுகிற காலத்தில் இதற்குத் தேவைதான் என்ன?"

பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஸ்கேன் செய்த பக்கங்களைத் திருத்துவதுதான் முக்கியமாக என் பங்கு. நடுவில் கொஞ்ச காலம் ஒலிநூலும் வாசித்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இரக்கத்தால் செய்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் எதிர்பார்க்கிற பதில். வருகிறவர்களில் நிறையப் பேர் இரக்கத்தால்தான் வருகிறார்கள், அது உண்மை. ஆனால் அப்படி வந்தவர்களை மூன்றாவது வாரம் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் இருக்கிறவர்களைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ.

கேள்வியின் பின்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை என்னவென்று தெரிந்தால்தான் ஏன் செய்கிறார்கள் என்பது விளங்கும்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டுகிற மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். அது எழுத்தைத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த பக்கம் அதற்கு வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஓசிஆர் மென்பொருள் வேண்டும். ரே கர்ஸ்வைல் 1976-இல் அறிமுகப்படுத்திய வாசிப்பு இயந்திரம் மேஜையை அடைத்துக்கொண்டு செய்த வேலையை இன்று சட்டைப்பையில் இருக்கிற போன் செய்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பல அச்செழுத்துகளில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே உருவம். எனவே 'மரம்' என்பது 'மாம்' ஆகும், 'காலம்' என்பது 'கரலம்' ஆகும். ஸ்கிரீன் ரீடர் கூச்சமே இல்லாமல் அதை அப்படியே உரக்கப் படிக்கும்.

ஸ்கேனே தேவையில்லை, பதிப்பகத்திலிருந்து நேராகப் பிடிஎஃப் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய எழுத்துருவில் அதைச் செய்திருந்தால் கதை இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிகிற சொல், கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். கண்ணுக்கு அழகான தமிழ். காதுக்கு 300 பக்கம் ஆங்கில எழுத்துகளின் உளறல்.

எழுத்துப் பிழை போய்விட்டாலும் வேலை முடியாது. அட்டவணை உடைந்திருந்தால் எந்த எண் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று தெரியாது. கணிதத்தில் மேலே சின்னதாக ஏற்றி எழுதிய 2 கீழே இறங்கிவிட்டால் 'எக்ஸ் ஸ்கொயர்' என்பது 'எக்ஸ் இரண்டு' ஆகிவிடும், மாணவர் விடையைத் தப்பாகப் போடுவார். தலைப்புகளைத் தலைப்பு என்று குறித்து வைக்காவிட்டால், 600 பக்க நூலில் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போக வழியே கிடையாது. முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். ஒலிநூலிலும் பக்கம் புரட்டுவதுபோல அத்தியாயம், பக்கம் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் 1996-இல் டெய்சி கூட்டமைப்பு உருவாகி, அதற்கென்று ஒரு கோப்பு முறையை வளர்த்தது. படங்களுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டும்.

பிரெயில் அச்சு என்றால் கணக்கே வேறு. 'தமிழ்' என்பது காகிதத்தில் மூன்று எழுத்து. பிரெயிலில் தகரம், மகரம், இகரம், ழகரம், புள்ளி என்று ஐந்து கட்டங்கள் ஆகும். ஒரு வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என்று வைத்துக்கொண்டாலும் சாதாரண அச்சுப் பக்கம் ஒன்று இரண்டு, மூன்று பிரெயில் பக்கமாக விரிந்துவிடும். நாம் ஒரு கையில் பிடித்துப் படிக்கிற நாவல், அங்கே அலமாரியின் ஒரு தட்டையே பிடித்துக்கொள்ளும்.

இத்தனை உழைப்பு, வாங்குகிறவர்களோ சிலர். கணக்குப் பார்க்கிற எந்தப் பதிப்பாளரும் இதில் கை வைக்க மாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. உலகில் வெளியாகும் நூல்களில் பத்தில் ஒரு பங்குகூட பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு வருவதில்லை என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சொல்லிவருகிறது. அதை அவர்கள் 'புத்தகப் பஞ்சம்' என்றே அழைக்கிறார்கள். சட்டமும் ரொம்ப காலம் குறுக்கே நின்றது. ஒரு நாட்டில் பாடுபட்டுத் தயார் செய்த நூலை அடுத்த நாட்டுக்கு அனுப்பப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தராததால், அதே நூலை அங்கே இன்னொரு குழு முதலிலிருந்து செய்துகொண்டிருக்கும். 2013 ஜூனில் மொராக்கோ நாட்டு மராகேஷில் கையெழுத்தான உடன்படிக்கை இதை மாற்றியது. அதற்கு முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா, 2014-இல். 2016 செப்டம்பர் 30 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் கதவைத்தான் திறந்துவிடும், பக்கங்களைத் திருத்தித் தராது. அதற்கு ஆள் வேண்டும்.

இனி முதல் பாதிக்கு வருகிறேன்.

இதைக் கண் உள்ளவர்கள் போடும் தானம் என்று நினைப்பதே முதல் தப்பு. ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பார்வையற்றவர், அதை வடிவமைத்தபோது அவருக்கு 15 வயது. 1840-களில் அவர் படித்துக் கற்பித்த பாரிஸ் பள்ளியின் நிர்வாகமே அந்த எழுத்தைத் தடை செய்தது. மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினார்கள். பிரிட்டனில் பிரெயிலைப் பரப்பப் பாடுபட்டு 1868-இல் சங்கம் தொடங்கிய டாக்டர் தாமஸ் ஆர்மிடேஜ் பார்வை இழந்தவர். 1882-இல் லண்டனில் தன் வீட்டிலேயே பார்வையற்றோருக்கான இரவல் நூலகம் ஆரம்பித்த மார்த்தா ஆர்னால்டும் அப்படியே. இன்று உலகம் முழுக்க இலவசமாக ஓடுகிற என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே, இருவருக்குமே பார்வை கிடையாது. வீட்டைக் கட்டியவர்கள் அவர்கள். தன்னார்வலர்கள் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்தவர்கள்.

செங்கல் எடுத்துக் கொடுக்க ஒரு கூட்டம் திரண்ட கதை ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் கண்ணை இழந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசு செலவில் கல்லூரிப் படிப்புக் கிடைத்தது, பாடப்புத்தகம் கிடைக்கவில்லை. நியூயார்க் பொது நூலகத்துக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்கள். 1948-இல் ஆன் மெக்டொனால்டு என்பவர் தலைமையில் சில பெண்கள் நூலகத்து மாடியறையில் உட்கார்ந்து பாடநூல்களை வாசித்து இசைத்தட்டில் பதிந்தார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் 12 நிமிடம்தான் பிடிக்கும். தடித்த பாடநூல் ஒன்றுக்கு எத்தனை தட்டு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெண்களின் நல்ல மனசு இல்லை, அந்தக் கடிதங்கள். யாரோ ஒருவர், ஒரு குறிப்பிட்ட புத்தகத்தை, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் கேட்கிறார். 'பார்வையற்றோருக்கு உதவுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். "அடுத்த மாதம் 14-ஆம் தேதி எனக்குப் பரீட்சை, சான்றுச் சட்டம் நூலில் நாலாவது அத்தியாயம் மட்டும் இன்னும் வரவில்லை" என்று ஒரு குரல் பதிவு வந்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது. எங்கள் குழுவில் பரீட்சைக் காலம் வந்தால் 400 பக்க நூலை இருபது பேர் பிரித்துக்கொள்வோம், தலைக்கு இருபது பக்கம். சனிக்கிழமை ராத்திரிக்குள் முதல் அத்தியாயம் அவர் கைக்குப் போய்விடும். அந்த இரண்டு நாள் பரபரப்புக்காகவே ஒட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தங்கள் அலுவலக வேலை எங்கே போய் யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியாமல் இருபது வருஷம் ஓட்டியவர்களுக்கு, திருத்திய பக்கத்தை மறுநாளே ஒருவர் படிக்கிறார் என்பது பெரிய விஷயம்.

நன்றி வரும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு வந்த முதல் செய்தியே புகார். ஒரு வரலாற்று நூலில் இருந்த வரைபடத்தை "இதை எப்படி விளக்குவது, முக்கியமில்லை" என்று நானே முடிவு செய்து விட்டுவிட்டேன். தேர்வில் கேள்வி அந்த வரைபடத்திலிருந்தே வந்தது. "வரைபடம் இருக்கிறது என்றாவது ஒரு வரி எழுதியிருந்தால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேனே சார். இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று போனில் சொன்னார் அந்த மாணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. இப்போது யோசித்தால், நான் இதை விடாமல் செய்வதற்கு அந்தப் போன்தான் காரணம் என்று தோன்றுகிறது. அதுவரை நான் உதவி செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அது என் வேலை, தப்பு நடந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

எது முக்கியம், எது முக்கியமில்லை என்று படிக்கிறவருக்குப் பதிலாக நாம் முடிவு செய்கிற இந்த வியாதி எல்லோருக்கும் உண்டு. புதிதாக வந்த ஒருவர், நாவலில் வந்த படுக்கையறைக் காட்சியைத் தாண்டிவிடலாமா என்று கேட்டார். "பாவம், அவர்களுக்கு எதற்கு இதெல்லாம்?" அவர்களுக்கு என்றால் யாருக்கு? கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அதில் உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. 1985-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பார்வையற்றோருக்கான நூலகத் திட்டத்தின் நிதியில் சரியாக 1,03,000 டாலரை வெட்டியது. நிர்வாணப் படங்களுக்குப் பேர்போன பிளேபாய் பத்திரிகையைப் பிரெயிலில் கொண்டுவர ஆன செலவு அது. பிரெயில் பதிப்பில் படம் ஒன்றுகூடக் கிடையாது, கட்டுரையும் கதையும் மட்டும்தான். வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். இந்த வெட்டு பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1986-இல் தீர்ப்பு வந்தது. புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அச்சில் இருப்பது கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பேன். எழுத்தாளரின் பிழையைக்கூட நாம் திருத்தக் கூடாது.

ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், அச்சகங்களில் முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். சமூகசேவை என்று யாராவது சொன்னால் எரிச்சல்படுவார். ஒரு பக்கத்தில் எத்தனை பிழை பிடித்தார் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குக் கையில் ஒரு வித்தை இருக்கிறது, அதைக் கேட்கிறவர் உலகத்தில் யாருமில்லாமல் போயிருந்தார்கள், இங்கே கேட்கிறார்கள். இன்னொருவருக்கு ராத்திரியில் தூக்கம் வராது, ஆட்களோடு பேசப் பிடிக்காது. இரண்டு மணிக்குப் பக்கங்களை வாங்கி ஐந்து மணிக்குத் திருப்பி அனுப்புவார். ஏழு வருஷத்தில் அவர் குரலை நான் கேட்டதில்லை. வீட்டில் இருந்தபடி, அரை மணி கிடைத்தால் அரை மணி என்று செய்ய முடிகிற தொண்டு எத்தனை இருக்கிறது? அதற்காகவே வருகிறவர்கள் கணிசம். சான்றிதழுக்காக வரும் கல்லூரி மாணவர்களும் உண்டு, அதைத் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. பத்துப் பேரில் ஒருவர் நின்றுவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஒரு அக்கா. அவருடைய அம்மாவுக்கு விழித்திரைச் சிதைவு வந்து நடுப்பார்வை போய்விட்டது. வாழ்நாள் முழுக்கத் தொடர்கதையும் நாவலுமாகப் படித்த அம்மா. அக்கா தினமும் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். ஒரு வருஷம் ஆனதும் அம்மா சொன்னாராம்: "நீ வர்ணனையெல்லாம் தாண்டித் தாண்டிப் போறே. அழுகிற இடத்துல நீயும் சேர்ந்து அழறே, எனக்குக் கதை ஓடல. அந்த மெஷினையே போட்டுக் குடு." அம்மா இப்போது டேப்லெட்டில் கேட்கிறார். வாசித்துக் காட்டுகிற வேலை போய்விட்ட அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தார். அம்மா கேட்கிற மாதிரி இன்னும் யாரும் தயார் செய்யாத நூல்களைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறார், அவை வேறு யார் யாருக்கோவும் போகின்றன.

இதே பாடத்தை நானும் படித்தேன். ஒலிநூல் வாசித்த காலத்தில் என் குரலில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பாத்திரத்துக்கு ஒரு தொனி, சோக இடத்தில் ஒரு இடைவெளி என்று நடித்துத் தள்ளினேன். பிறகு ஒரு நாள், என் பதிவைக் கேட்கிறவர் ஒருவரின் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு வந்தது. இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். என் சோக இடைவெளியெல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில் பறந்துபோனது. அவரைப் போன்றவர்கள் ஸ்கிரீன் ரீடரையும் அப்படித்தான் கேட்கிறார்கள். நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது, அவர்களுக்கு அது சரளமான வாசிப்பு. குறுக்கே யாரும் வந்து நடிக்காமல், தானே படிக்கிற சுகம் அவர்களுக்கும் வேண்டும். கதை, கவிதைக்கு மனிதக் குரலையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் குரலைக் கேட்பதற்காக வாசிக்க வருகிறவர்கள் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டுவது அபூர்வம். அடிக்குறிப்பு, பக்க எண், மேற்கோள் தொடக்கம், மேற்கோள் முடிவு என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போக வேண்டிய பாடநூலைக் கையில் கொடுத்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு காரணம் உண்டு, வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். இந்த வேலையில் ஒரு புத்தகத்தை ஒருவர் எழுத்து எழுத்தாகப் படிக்கிறார். எழுதியவரைத் தவிர வேறு யாரும் ஒரு நூலை இவ்வளவு நெருக்கமாகப் படித்திருக்க மாட்டார்கள். நானாக ஒருபோதும் கையில் எடுத்திருக்காத மண்ணியல், வரிச்சட்டம், தேனீ வளர்ப்பு எல்லாம் இப்படித்தான் எனக்குள் போயின. 300 பக்க நூலை முடிக்க எனக்குச் சுமார் ஐம்பது மணி நேரம் ஆகும். அந்த ஐம்பது மணி நேரமும் வாசகன் நான்தான். அதைத் தியாகம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரு பக்கமும் ஒன்றாகிற இடமும் ஒன்று உண்டு. எங்கள் கோப்புகளைக் கடைசியாகச் சரிபார்க்கிறவர் ஒரு வழக்கறிஞர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். படிக்கிற காலத்தில் முன்பின் தெரியாத யார் யாரோ திருத்திக் கொடுத்த நூல்களை வைத்துத் தேறியவர். இப்போது எங்களை வேலை வாங்குகிறார். அவருக்கு எங்களைவிடப் பிழை நன்றாகப் பிடிபடும், அதற்குக் காரணம் இருக்கிறது. கண் பொறுத்துப்போகும். 'காட்டில் ஒரு பெரிய மாம் நின்றது' என்று திரையில் இருந்தாலும் நம் கண் 'மரம்' என்றே படித்துவிட்டுக் கடந்துவிடும், அர்த்தம் தெரியுமே. காது அப்படிக் கடக்காது. அதனால் அனுப்புவதற்கு முன் நானும் இப்போது ஸ்கிரீன் ரீடரைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை முழுப் பக்கத்தையும் கேட்கிறேன். இரண்டரை மடங்கு வேகமெல்லாம் எனக்கு வராது, சாதாரண வேகத்தில்தான்.

அப்படியும் தப்புகிறது. போன வாரம் அனுப்பிய நூலுக்கு அவரிடமிருந்து பதில் வந்தது, வணக்கம்கூட இல்லாமல்: "பக்கம் 214, கீழிருந்து மூன்றாவது வரி. கரலம். திருத்தி அனுப்புங்கள்."